கறுப்புப் புருவம் வைத்த பயறு

கடந்த பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்க்கும் என் கொழுந்தன் கோயம்புத்தூரிலிருந்து பகல் ரயிலேறி, நாகர்கோவிலில் இறங்கி, பேருந்து பிடித்துத் தக்கலைக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். ஒவ்வொரு முறையும் தப்பாமல் வரும் வர்க்கியும் தேயிலைத்தூளும் கேரட்டும் ஒரு பையில் இருந்தன. இன்னொரு துணிப்பையில், தக்கலைச் சந்தையிலோ வடசேரி கனகமூலம் சந்தையிலோ நான் ஒருநாளும் கண்டிராத பச்சைக் காய்கள் நிறைந்திருந்தன. "மயினி, இது ஏதோ அவரையாம். பக்கத்து குவாட்டர்ஸ்ல உள்ளவங்க தோட்டத்துல போட்டிருக்காவ. ஊருக்குப் போறேன்னு சொன்னதும் பறிச்சுத் தந்துட்டாவ. எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியாது கேட்டீளா" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

காய்களை முறத்தில் கொட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம், பெருவிரல் கனம். அவரைக்காயைப் போலத் தட்டையாக இல்லாமல், உள்ளே இருக்கும் விதைகளின் புடைப்பு வெளியே தெரியும்படி உருண்டிருந்தன. அவரையைக் கிள்ளும்போது கைக்கு வரும் அந்தத் தனி மணமும் இவற்றில் இல்லை. ஒன்றைப் பிளந்தேன். உட்புறம் முழுவதும் வெள்ளைவெளேரென்று பஞ்சு விரித்திருந்தது. ஒவ்வொரு விதையும் அந்தப் பஞ்சில் தனக்கென்று பதிந்த குழியில், தொட்டிலில் கிடத்திய பிள்ளையைப் போலக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "மொச்சைதான் பிள்ளே. மலையில விளைஞ்சது, அதான் இவ்வளவு பெருசு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். விதையைத் திருப்பிப் பார்த்ததுதான் நல்லதாயிற்று. மொச்சையைக் கையில் எடுத்துக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: விதையின் ஓரத்தில் வெள்ளை நிறத்தில், சேவற்கொண்டையைப் போல ஒரு மேடு நீளமாக ஓடும். மொச்சைக்கும் அவரைக்கும் அதுதான் குலச்சின்னம். முறத்தில் கிடந்த விதையில் அந்த வெள்ளை மேடு இல்லை. அதற்குப் பதிலாக விதையின் ஒரு முனையில், கண்மை தீட்டிய புருவம்போல ஒரு சிறிய கறுப்புக் கோடு இருந்தது. இளம் விதைகளில் அந்தக் கோடு இன்னும் பச்சையாகவே இருந்தது; முற்றிய விதைகளில் நன்றாகக் கறுத்திருந்தது. அந்தப் புருவத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் சவூதியில் தம்மாமில் பல ஆண்டுகள் இருந்தவன். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு ஃபூல் என்று ஒன்று உண்டு என்றும், பெரிய பயறை இரவெல்லாம் சிறு தீயில் வேகவைத்துக் காலையில் மசித்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சைச் சாறும் விட்டு, குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தின்பார்கள் என்றும், எகிப்துக்காரர்களுக்கு அது இல்லாமல் பொழுதே விடியாது என்றும் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லுவான். ஒரு விடுமுறையில் அந்தப் பயறை உலர்ந்ததாக ஒரு கிலோ வாங்கியும் வந்தான். தவிட்டு நிறத்தில், தட்டையாக, முனையில் அதே கறுப்புப் புருவத்தோடு இருந்தது. பாதியைக் குழம்பு வைத்தோம். ஒரு பிடியை நவம்பர் மழையில் கிணற்றங்கரையில் ஊன்றி வைத்தேன்.

முளைத்ததைக் கண்டு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவரைபோலப் பந்தல் தேடவில்லை. சுருள் கொடி இல்லை. நான்கு பட்டை கொண்ட உள்கூடான தண்டோடு, வெண்மை பூத்த பச்சை இலைகளோடு நிமிர்ந்து நின்றது. பூ வந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்: வெள்ளை இதழில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு, கிட்டப் போனால் இனிய மணம். அத்தனை பூவும் ஜனவரி முடிவதற்குள் உதிர்ந்துபோனது. ஒரே ஒரு காய் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்து வெம்பியது. பதினெட்டு, இருபது டிகிரிக் குளிர்ச்சியில் காய்க்க விரும்பும் செடி அது. வெயில் ஏறினால் பூவைக் கொட்டிவிடும் என்று பிறகுதான் படித்தேன். தையிலேயே பகல் வெயில் முப்பது டிகிரியைத் தொடும் தக்கலையில் அதனிடம் காய் கேட்டது என் தவறு. குன்னூரில் யாரோ ஒரு வீட்டம்மா குவாட்டர்ஸ் வேலியோரத்தில் போட்டு அனாயாசமாகக் காய்க்கவைத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, மறைப்பானேன்.

ஆக, முறத்தில் கிடந்தது ஃபாவா. தாவரவியலில் விசியா ஃபாபா. மொச்சையும் அவரையும் லாப்லாப் என்னும் வேறு குலம். ஆங்கிலத்தில் ஃபாவாவுக்கு பிராட் பீன்ஸ் என்றொரு பெயரும் உண்டு. நம் ஊர்ச் சூப்பர் மார்க்கெட்டுகளிலோ அதே பிராட் பீன்ஸ் என்ற சீட்டை அவரைக்காய்க் கூடையின்மேல் குத்தி வைக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் எசேக்கியேல் புத்தகத்தில் அப்பத்துக்குச் சேர்க்கச் சொல்லும் தானியங்களில் இந்தப் பயறும் ஒன்று. எபிரேயத்தில் அதன் பெயர் போல், அரபியின் ஃபூலுக்கு உடன்பிறப்பு. அதைத் தமிழில் பெயர்த்தவர்கள் பெரும்பயறு என்று வைத்தார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலோ பெரும்பயறு என்றால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் தட்டைப்பயறு. கலிலேயாப் பகுதியில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பயறை விதைத்து அறுத்திருக்கிறார்கள் என்று அகழ்ந்தெடுத்த கரிந்த விதைகளைக் கொண்டு 2015-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அத்தனை பழைய உணவுக்கு நம் மொழியில் சொந்தமாக ஒரு பெயர் புழங்கவில்லை. இருக்கும் பெயர்களெல்லாம் வேறொரு பயறிடமிருந்து இரவல் வாங்கியவை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த இரவிலேயே எனக்கு ஒரு காகிதம் ஞாபகத்துக்கு வந்தது.

அக்காவின் இளைய மகன் பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள்காமாலை கண்டு, குழந்தையை நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். அப்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவனுக்கு ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவு என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்கக் காகிதத்தைக் கொடுத்தார்கள்: இன்னின்ன மாத்திரைகள் ஆகாது, அலமாரியில் போடும் பாச்சை உருண்டை ஆகாது, இன்ன உணவு ஆகாது. உணவு என்ற இடத்தில் பிராட் பீன்ஸ் என்று இருந்தது. அதற்குத் தமிழில் என்ன என்று அக்கா கேட்டபோது, அங்கிருந்த ஒருவர் "அவரைதான்" என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கி அக்கா வீட்டில் அவரை இல்லை, மொச்சை இல்லை, எதற்கு வம்பென்று சீனியவரையும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் இலையில் விழுந்த அவியலில் அவரைத் துண்டு கிடக்கிறதா என்று நானே விரலால் கிளறிப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். அந்த அவியலை அவனுக்குக் கொடுப்பதே ஆபத்தென்றால் துண்டைப் பொறுக்கி என்ன பயன் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் என் வீட்டில், எந்தப் பெயரும் எழுதாத ஒரு கண்ணாடிக் குப்பியில், அண்ணன் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த ஃபாவா நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. பல்லாங்குழிக்கு வாகாக இருக்கிறதென்று அதையே எடுத்துப் போட்டு அந்தப் பையனோடு எத்தனை மத்தியானம் விளையாடியிருக்கிறேன்! தொட்டு விளையாடியதால் தீங்கில்லை. இருந்தாலும் அன்றிரவு அந்தக் குப்பியை எடுத்துப் பரணின்மேல் வைத்தபோது கை லேசாக நடுங்கத்தான் செய்தது.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பழுப்பேறி மடிப்பில் கிழிந்த அந்தத் தாளில், பிராட் பீன்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபாவா என்றும் அச்சிட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பீரோவில் இருந்த காகிதம். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா குழந்தை மருத்துவரிடம் போனாள். அவர், ஃபாவாதான் ஆகாது, அதைப் பச்சையாகவோ உலர்ந்ததாகவோ வறுத்த தின்பண்டமாகவோ மாவாகவோ எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது, வேகவைத்தாலும் அந்தக் குணம் முழுவதும் போகாது, நம் அவரையும் மொச்சையும் இவனுக்குத் தடையில்லை என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். இது அவனுக்கு அவர் சொன்னது; இதே குறைபாடுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டினர் தங்கள் மருத்துவரிடம் காயையே கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது நல்லது, பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் கதைதான் ஆகும்.

இந்தப் பயறில் வைசின், கான்வைசின் என்று இரண்டு பொருட்கள் உள்ளன. அவை வயிற்றில் சிதைந்து உண்டாக்கும் பொருள் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். அந்தத் தாக்குதலைச் சமாளிக்க உதவும் நொதிதான் ஜி-6-பி-டி. அது போதிய அளவு இருப்பவர்களுக்கு இதைத் தின்றால் சிவப்பணுக்கள் இப்படி உடைவதில்லை. குறைவாக இருப்பவர்களுக்குத் தின்ற ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் உடைந்து, உடல் வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும்; உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாய்வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளையே அதிகம் தாக்கும் இந்தக் குறைபாடு, உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். மலேரியா மருந்து ஒத்துக்கொள்ளாத சிலரைப் பரிசோதித்தபோது இந்த நொதிக் குறைவுதான் காரணம் என்று கண்டுபிடித்தது, எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுத் தமிழகத்தோடு இணைந்த அதே 1956-இல்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பையனும் வருவதாக இருந்ததால், அதற்குள் இந்தக் காயைத் தீர்த்துப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிடுவதென்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டிலோ கொழுந்தன் வீட்டிலோ யாருக்கும் அந்தத் தொந்தரவு கிடையாது.

ஒன்றரைக் கிலோ காய். உரித்து விதையை நிறுத்தால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மீதியெல்லாம் அந்தப் பஞ்சுத் தோடுதான். உரித்து முடிக்கும்போது விரல் நுனியும் நகக்கண்ணும் வாழைப்பூ ஆய்ந்ததைவிட மோசமாகக் கறுத்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தும் இரண்டு நாள் போகவில்லை. அந்தக் கறைக்கும் ஒரு பெருமை உண்டு என்று சொன்னால் மாமி நம்பவில்லை. காயில் இருக்கும் எல்-டோபா என்னும் பொருள் காற்றுப் பட்டதும் கறுக்கிறது. 1913-இல் மார்க்கஸ் குகன்ஹெய்ம் என்பவர் அதை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தது இதே பயறிலிருந்துதான். இன்று நடுக்குவாத நோயாளிகளுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து அதுவே. "அப்படின்னா உன் கையை நக்கினா எனக்கு நடுக்கம் நிக்குமா?" என்றார்கள் மாமி.

முதலில் செய்தது தப்பு. மொச்சைக்குச் செய்வதுபோலவே தீயல் வைக்கலாம் என்று, தேங்காயைச் சிவக்க வறுத்து, மல்லியும் வத்தலும் நல்லமிளகும் சேர்த்து மையாக அரைத்து, புளி கரைத்து, மூன்றில் ஒரு பங்கு விதையை அப்படியே தோலோடு போட்டுக் கொதிக்கவிட்டேன். தீயல் மணத்தில் குறையில்லை. பயறுதான் சாம்பல் நிறத்துக்கு மாறி, கடித்தால் உள்ளே வெண்ணெயாகவும் வெளியே செருப்புத் தோலாகவும் இருந்தது. போதாததற்குத் தோலின் துவர்ப்பு குழம்பு முழுவதும் இறங்கிவிட்டது. என் கணவர் மூன்று பயறைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, "தீயல் நல்லா இருக்கு" என்றார். திருமணமாகி இத்தனை ஆண்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு அண்ணனைக் கூப்பிட்டேன். காய்ந்த பயறை மணிக்கணக்கில் வேகவைப்பதால் தோல் பொறுத்துப்போகும், பச்சையில் இரண்டாம் தோலையும் எடுக்க வேண்டும் என்று அவனும் அங்கே யாரிடமோ கேட்டுச் சொன்னான். வேலூர், தருமபுரிப் பக்கங்களில் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பார்கள். எங்கள் ஊரில் அத்தனை மெனக்கெடுவதில்லை. ஃபாவாவுக்கு அந்தப் பிதுக்கல்தான் சரியான வழி.

ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, விதைகளை அதில் கொட்டினேன். இரண்டு நிமிடம் போதும்; அதற்குமேல் விட்டால் பிதுக்கும்போது மாவாகிவிடும். உடனே வடித்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். தோல் வெளுத்துச் சுருங்கி, உள்ளேயிருக்கும் பருப்பிலிருந்து சற்றே விலகி நிற்கும். புருவம் இருக்கும் முனைக்கு எதிர்முனையில் நகத்தால் ஒரு கீறல் கீறி, பின்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த நிறத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வெளிறிய சாம்பல்பச்சைத் தோலுக்குள்ளிருந்து, மழை நின்ற மறுநாள் வயலில் தெரியும் இளம்பச்சை. முதல் பத்தைப் பிதுக்கும்போது அழுத்தத்தின் கணக்குப் பிடிபடாமல் இரண்டு பருப்பு அடுக்களைச் சுவரில் போய் அடித்தன. அரைமணி நேரத்தில் மாமியும் முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "எதுக்கு பிள்ளே இந்தப் பாடு? ஒரு கால் கிலோ பட்டாணி வாங்கினா போதாதா?" என்று கேட்டுக்கொண்டே என்னைவிட வேகமாகப் பிதுக்கினார்கள். முடிவில் இரண்டு கைப்பிடி நிறைய, ஒரு சின்னக் கிண்ணம் பருப்பு தேறியது.

அந்தக் கிண்ணத்தைத் துவரன் செய்தேன். அரைமூடித் தேங்காய்த் துருவலோடு நான்கு உள்ளி (சின்ன வெங்காயம்), இரண்டு பச்சைமிளகாய், ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து அம்மியில் இரண்டு இழுப்பு மட்டும் இழுத்துச் சதைத்துக்கொண்டேன். மையாகிவிட்டால் துவரன் கூட்டாகிவிடும். தேங்காய் எண்ணெயில் கடுகு வெடித்ததும் ஒரு வத்தலைக் கிள்ளிப் போட்டு, கருவேப்பிலையும் சிதறிய பிறகு, பருப்பைப் போட்டு ஒரு கை நீர் தெளித்து மூடினேன். ஏற்கெனவே பாதி வெந்தது என்பதால் மூன்று, நான்கு நிமிடத்துக்குமேல் தேவைப்படவில்லை. பிறகு அரைப்பையும் உப்பையும் போட்டு, கரண்டியால் கிண்டாமல் பாத்திரத்தையே இரண்டு குலுக்குக் குலுக்கி, தேங்காயின் பச்சை வாசம் போனதும் இறக்கினேன். கிண்டினால் பருப்பு இரண்டாகப் பிளந்து மசிந்துவிடும். சில பிளக்கத்தான் செய்தன.

சுவையை எதோடு ஒப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். பச்சைப் பட்டாணியின் இனிப்புத் தொடக்கத்தில் தெரிகிறது. மெல்லும்போது வெந்த சக்கைக்கொட்டையின், அதாவது பலாக்கொட்டையின், மாவுத்தன்மை வருகிறது. கடைசியில், பாகற்காய் இருந்த பாத்திரத்தில் வைத்ததுபோல ஒரு நூலிழைக் கசப்பு நாக்கில் நிற்கிறது. அந்தக் கசப்பைத் தேங்காய் அழகாக ஏந்திக்கொள்கிறது. சம்பா அரிசிக் கஞ்சிக்கு இதைத் தொட்டுக்கொண்டபோது, தோலோடு தீயல் வைத்த பாவத்துக்குப் பரிகாரம் ஆனதாகவே நினைத்தேன். அண்ணன் சொன்னபடி ஒரு பிடிப் பருப்பை மட்டும் எடுத்து வைத்து, மாலையில் சீரகத்தூள், நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து மசித்து, ஆலிவ் எண்ணெய் இல்லாத வீடு என்பதால் தேங்காய் எண்ணெய் விட்டுத் தோசையோடு தின்றோம். கெடுதலில்லை; ஆனால் தேங்காய் எண்ணெயும் எலுமிச்சையும் ஒரே கிண்ணத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. என் ஓட்டு துவரனுக்கு.

ஞாயிறு காலையில் அம்மி, கரண்டி, வாணலி எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, தோடுகளைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். கால் கிலோ அவரைக்காய், நம் ஊர் அவரைக்காய், நாரெடுத்துப் பொடியாக அரிந்து அதே பக்குவத்தில் துவரன் வைத்தேன். பரணில் இருந்த குப்பியை இறக்கி, ஒரு தாளில் "ஃபாவா. சின்னவனுக்கு ஆகாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி மறுபடியும் மேலேயே வைத்தேன். பல்லாங்குழிக்கு மஞ்சாடி விதை எடுத்து வைத்தேன்.

பந்தியில் அவன் இலையில் முதல் கரண்டி அவரைத் துவரனை வைக்கும்போது அக்கா என்னைப் பார்த்தாள், நான் மாமியைப் பார்த்தேன். அவன் பொறுமையாக இரண்டு வாய் தின்றான். பிறகு, "சித்தி, சேனை வறுத்தது இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.